சுவரும் வெற்றுமனையும்: பிலடெல்ஃபியாவின் குழும ஓவியங்கள்

1. இலக்கணம்

நலிந்த தெருவில் வரையப்படும் எல்லாப் படமும் ஒரே வகை அல்ல. ஓவியர் தம் விருப்பப்படி வரைந்துவிட்டுப் போவது 'அளிப்போவியம்'. எதை வரைவது, எதை விடுவது என்பதைத் தெருவாசிகள் முடிவுசெய்ய, ஓவியர் அதற்கு வடிவம் தருவது 'குழும ஓவியம்'. பின்னதை மட்டுமே இங்கு ஆராய்கிறோம். முன்னது எவ்வளவு அழகாயிருந்தாலும் நம் ஆய்வுக்குப் புறம்பு.

2. காரணம்

பிலடெல்ஃபியா தொடர்வீடுகளின் நகரம். அடுத்தடுத்த வீடுகளுக்கு நடுவே ஒரே பொதுச்சுவர். 1950இல் 20 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 2000இல் ஏறத்தாழ 15 லட்சமாயிற்று. ஆலைகள் மூடின; ஆளில்லா வீடுகள் இடிக்கப்பட்டன. ஒரு வீடு போனதும் அடுத்த வீட்டின் பக்கச்சுவர், சன்னல் ஏதுமின்றி, மூன்று மாடி உயரத்துக்கு வெயிலில் நிற்கும். இவ்வோவியங்களில் பலவற்றுக்கும் இடம் கிடைத்தது இப்படித்தான். படத்தைப் பார்க்க நாம் நிற்குமிடம் ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் கூடம்.

3. தோற்றம்

சுவர்க் கிறுக்கலை ஒழிக்க நகராட்சி நடத்திய இயக்கத்தில் 1984இல் ஓவியர் ஜேன் கோல்டன் சேர்ந்தார். கிறுக்கிய இளைஞர்களையே ஓவியம் தீட்டவைத்தார். 1996இல் இந்த ஓவியப் பணி தனித் திட்டமாயிற்று. இதுவரை உருவான ஓவியங்கள் 4,000 வரை இருக்கும்.

4. படிநிலைகள்

முதலில் கூட்டம், அடுத்து வரைவு, பின்பு தீட்டல், கடைசியில் ஒட்டல். மூன்றாம் படியே நுட்பமானது. பாராசூட் துணி எனப்படும் மெல்லிய துணியைச் சதுரங்களாக வெட்டி, வரைவைப் பெருக்கிக் கோடிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் நிற எண்ணைக் குறித்துவிடுவார்கள். தூரிகை பிடித்தறியாத பாட்டியும் எண் பார்த்து நிறம் நிரப்பலாம். சாரம் ஏற முடியாதவரும், சிறையை விட்டு வெளிவர இயலாதவரும் பங்குகொள்ள இத்துணியே வழி. பிறகு அக்ரிலிக் பசையால் அதைச் சுவரில் ஒட்டுவார்கள், பொருத்து தெரியாது.

5. முரண்

பங்கேற்பு என்றால் உடன்பாடு என்று கொள்வது பிழை. கிரேட்டர்ஃபோர்டு சிறைவாசிகளும் குற்றத்தால் பாதிக்கப்பட்டோரும் சேர்ந்து ஈடுபட்ட பணி ஒன்று 2004இல் வடக்கு பிலடெல்ஃபியாவில் நிறைவுற்றது. தண்டனை, வருத்தம், மன்னிப்பு பற்றி இரு தரப்பும் மோதிக்கொண்டன. ஒரே படத்தில் இரண்டையும் அடக்காமல் இரண்டு ஓவியங்கள் எழுந்தன: ஒன்று சிறைவாசிகளின் பயணம், மற்றது பாதிக்கப்பட்டோரின் பயணம். எங்கள் கணிப்பில் இத்திட்டத்தின் மிக நேர்மையான முடிவு இது. பூசி மெழுகிய ஒற்றுமைக்குச் சாயம் மட்டுமே போதும், கூட்டம் எதற்கு?

6. எல்லை

வெற்றுமனையில் மீண்டும் வீடு எழுந்தால் படம் மறையும். தெரு தேறுவதும் ஓவியம் அழிவதும் சில இடங்களில் ஒரே நிகழ்ச்சி. படத்தைத் தாங்கும் கட்டடமே இடிபட்டாலும் அதே கதிதான்: இசைக்கலைஞர் ஜான் கோல்ட்ரேனுக்கு ஸ்ட்ராபெரி மேன்ஷன் பகுதியில் 2002இல் தீட்டிய ஓவியம், கட்டடம் இடிபட்டபோது 2014இல் போயிற்று. 2017இல் அதே பகுதியில், வேறொரு சுவரில், அவருக்குப் புதிதாக ஓர் ஓவியம் எழுந்தது.