சயாமுக்குப் போன தந்தையரும் காத்திருந்த பிள்ளைகளும்



1942-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஜப்பானியர் மலாயா முழுவதையும் பிடித்தனர். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டு சென்றனர். சிலர் கூலியை நம்பிப் போனார்கள். பலர் வலுக்கட்டாயமாக ஏற்றப்பட்டார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. அதற்குள் காலராவும் மலேரியாவும் பட்டினியும் பல்லாயிரம் உயிர்களைக் குடித்துவிட்டன.

லயத்தில் இருந்த பிள்ளைகளுக்கு உடலும் வரவில்லை, சாவுச் செய்தியும் வரவில்லை. கருமாதியை எந்த நாளில் செய்வது? தாய் பொட்டை அழிப்பதா, வைத்துக்கொள்வதா? "அப்பா வந்துவிடுவார்" என்ற சொல்லை நம்பி, 1945-இல் போர் முடிந்த பிறகும் வாசலைப் பார்த்திருந்த பிள்ளைகள் உண்டு. 1949-இல் சுவாமி சத்யானந்தா கோலாலம்பூரில் தொடங்கிய சுத்த சமாஜம், ஆதரவற்ற சிறுவர் பலருக்கு வீடாயிற்று.

சோறும் துணியும் கிடைத்தாலும், சொல்லப்படாத துயரம் எளிதில் ஆறுவதில்லை. ஆகவே, வீட்டில் சாவு நேர்ந்தால், "அப்பா ஊருக்குப் போயிருக்கிறார்" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். இறந்துவிட்டார் என்பதைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். அழுதால் அழட்டும். காரியத்தில் ஒரு பூவாவது தன் கையால் போடட்டும். பிறகு பள்ளிக்கு அனுப்புங்கள். ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.