தான்தோன்றிக் கோட்பாடு

உயிரற்ற பொருளிலிருந்து உயிர்கள் தாமாகவே தோன்றும் என்னும் பழங்கருத்து தான்தோன்றிக் கோட்பாடு எனப்படும். ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் ஐரோப்பிய அறிவுலகில் நிலைத்திருந்த இது, 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை நடந்த சோதனைகளால் கைவிடப்பட்டது. உயிரிலிருந்தே உயிர் பிறக்கும் என்பது உறுதிப்பட்டதும், ஒரே ஒரு காரணியை மட்டும் மாற்றி ஒப்பிடும் கட்டுப்பாட்டுச் சோதனை உயிரியலில் வேரூன்றியதும் இந்த விவாதத்தின் பெரும் பயன்கள்.

பழைய நம்பிக்கைகள்

விலாங்கு மீன்கள் சேற்றிலிருந்து உண்டாகின்றன, சில பூச்சிகள் அழுகும் பொருளில் பிறக்கின்றன என்று அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) எழுதினார். இந்திய மரபு சொல்லும் நால்வகைத் தோற்றத்திலும் வியர்வையில் பிறப்பவற்றுக்குச் சுவேதசம் எனத் தனி வகை உண்டு. அழுக்குத் துணியையும் கோதுமையையும் ஒரு பாத்திரத்தில் இட்டு வைத்தால் 21 நாளில் எலிகள் தோன்றும் என்றார் பெல்ஜிய மருத்துவர் வான் ஹெல்மாண்ட். 1648இல், அவர் மறைவுக்குப் பின், அச்சேறிய குறிப்பு இது. வில்லோ மரமொன்றை ஐந்தாண்டு வளர்த்து, மரத்தையும் மண்ணையும் நிறுத்துப் பார்த்த கவனமான ஆய்வாளர் அவர். ஆயினும் எலி வெளியிலிருந்து வந்து புகுந்திருக்குமா என்று சோதிக்க அவர் வழிசெய்யவில்லை.

ரெடியின் ஜாடிகள்

வெளியிலிருந்து உயிர்கள் புகுகின்றனவா என்று சோதிக்க வழிசெய்தவர் இத்தாலிய மருத்துவர் ஃபிரான்செஸ்கோ ரெடி. 1668இல் வெளியிட்ட நூலில் தம் சோதனையை விவரித்தார். பாம்பு, மீன், விலாங்கு, கன்றிறைச்சி ஆகியவற்றை ஜாடிகளில் இட்டு, சிலவற்றை இறுக மூடினார். சிலவற்றைத் திறந்தே வைத்தார். திறந்தவற்றில் மட்டுமே புழு வைத்தது. காற்றோட்டம் இல்லாததால்தான் மூடியவற்றில் புழு வரவில்லை என்று எவரும் வாதிடலாம். அதற்கு இடமளிக்காமல், அடுத்து மெல்லிய வலைத்துணியால் ஜாடிகளை மூடினார். காற்று புகுந்தது, ஈக்கள் புகவில்லை. இறைச்சியில் புழு இல்லை. ஈக்கள் துணியின்மேல் மொய்த்து, அங்கேயே முட்டையிட முயன்றன.

நுண்ணுயிர்களும் புதிய விவாதமும்

1670களில் லீவன்ஹூக் நுண்ணுயிர்களைக் கண்டதும் கேள்வி மீண்டும் எழுந்தது. ஜான் நீடம் ஆட்டிறைச்சிச் சாற்றைச் சூடாக்கித் தக்கையால் அடைத்தார். ஆயினும் அதில் நுண்ணுயிர்கள் பெருகின. 1765இல் ஸ்பல்லன்சானி, குடுவையின் கழுத்தை உருக்கி அடைத்து நெடுநேரம் கொதிக்க வைத்தார்; எதுவும் வளரவில்லை. அளவுமீறிய வெப்பம் ‘உயிராற்றலை’ அழித்து, குடுவைக்குள் இருந்த காற்றையும் கெடுத்துவிட்டது என்று நீடம் மறுத்தார். காற்று உள்ளே வர வேண்டும், கிருமி வரக்கூடாது: எஞ்சியிருந்த சிக்கல் இதுதான்.

பாஸ்டரின் குடுவைகள்

லூயி பாஸ்டர், குடுவையின் கழுத்தை அன்னத்தின் கழுத்துபோல் நீட்டி வளைத்தார். உள்ளிருந்த ஈஸ்ட் சாற்றைக் கொதிக்க வைத்து, வாயைத் திறந்தே விட்டார். காற்று தடையின்றிச் சென்றது. தூசு வளைவிலேயே தங்கியது. சாறு கெடவில்லை. குடுவையைச் சாய்த்துச் சாற்றை அந்தத் தூசில் படவிட்டால், நுண்ணுயிர்கள் வளர்ந்தன. மூடி முத்திரையிட்ட குடுவைகளை வெவ்வேறு உயரங்களில் திறந்தும் பார்த்தார். ஜூரா மலையடிவாரத்தில் 20இல் 8 கெட்டன. 850 மீட்டர் உயரத்தில் 5. ஆல்ப்ஸ் பனியாற்றருகே 2,000 மீட்டரில் ஒன்று மட்டுமே. 1862இல் பாரிஸ் அறிவியல் கழகம் அவருக்குப் பரிசளித்தது.

எதிர்த்தரப்பின் பங்கு

ரூவான் நகர அறிஞர் ஃபெலிக்ஸ் பூஷே, வைக்கோல் சாற்றைக் கொதிக்க வைத்த பின்னும் அதில் நுண்ணுயிர் வளர்வதைக் காட்டினார். அவர் கண்டது உண்மை. கொண்ட முடிவுதான் தவறு. வைக்கோலில் உள்ள பேசிலஸ் பாக்டீரியாவின் வித்துக்கள் கொதிநீரையும் தாங்கும் என்று ஃபெர்டினாண்ட் கோன் 1876இல் விளக்கினார். சாற்றை ஒருமுறை சூடாக்கி மறுநாள்வரை விட்டு, வித்துக்கள் முளைத்தபின் மீண்டும் சூடாக்கி அழிக்கும் முறையை ஜான் டிண்டால் 1877இல் வகுத்தார். 1879இல் ஷார்ல் ஷாம்பர்லாண் அழுத்த நீராவிக் கலனான ஆட்டோகிளேவை உருவாக்கினார். அறுவைக் கருவிகளை இன்றும் இம்முறையில்தான் தூய்மையாக்குகிறோம். பூஷே போன்றோரின் விடாப்பிடியான மறுப்பு இல்லையேல் இந்த அறிவு இவ்வளவு விரைவில் கிட்டியிராது.

இன்றைய நிலை

பாஸ்டர் மறுத்தது, இன்றைய சூழலில் குறுகிய காலத்தில் உயிர் தானாகத் தோன்றும் என்ற கருத்தையே. பூமியின் முதல் உயிர் எவ்வாறு தோன்றியது என்பது வேறு கேள்வி. ஒபாரின் (1924), ஹால்டேன் (1929) ஆகியோர் அதற்குக் கருதுகோள்கள் வகுத்தனர். 1953இல் ஸ்டான்லி மில்லர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவிக் கலவையில் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களைப் பெற்றார். அவை உயிரின் கட்டுமானப் பொருள்களே, உயிர் அல்ல. முதல் உயிரின் தோற்றம் பற்றிய ஆய்வு இன்றும் தொடர்கிறது.