சப்ரகமுவத் தோட்டங்களும் எண்ணெய்த் தட்டுப்பாடும்

இலங்கையின் சப்ரகமுவ மாகாணம் இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்டது. உலகச் சந்தையில் எண்ணெய் அருகியபோதும் விலை ஏறியபோதும் நாட்டின் தலைவர்கள் எடுத்த முடிவுகள், இம்மாவட்டங்களின் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளரைக் கடுமையாகத் தாக்கின. அம்முடிவுகள் பெரும்பாலும் இறக்குமதிச் செலவையும் வாகனப் போக்குவரத்தையும் கருதி எடுக்கப்பட்டவை. லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளின் மண்ணெண்ணெய் அவற்றில் கடைசி இடத்தையே பெற்றது.

தோட்டங்களில் எண்ணெயின் இடம்

மின்சாரம் எட்டாத லயங்களில் விளக்கு எரிந்ததும் ஈர விறகு பற்றியதும் மண்ணெண்ணெயால்தான். பறித்த கொழுந்து அன்றன்றே தொழிற்சாலை சேர வேண்டும். டீசல் இல்லாமல் லொறி நின்றால் கொழுந்து கெடும், மறுநாள் வேலையும் குறையும். கொழுந்தை உலர்த்த உலை எண்ணெயை எரித்துவந்த தொழிற்சாலைகள் பல, 1970களின் விலையேற்றத்துக்குப் பின் விறகுக்கு மாறின. பால் வற்றிய இறப்பர் மரங்கள் அதற்கு உதவின.

இறப்பரின் நிலை வேறு. செயற்கை இறப்பர் எண்ணெயிலிருந்து செய்யப்படுவதால், எண்ணெய் விலை ஏறும்போது கேகாலையில் விளையும் இயற்கை இறப்பருக்குக் கேள்வி கூடும். ஆயினும் அந்த வருவாய் பால்வெட்டும் தொழிலாளியின் நாட்சம்பளத்தில் தானாகச் சேர்வதில்லை.

தேசியமயமாக்கம் (1961–1965)

சுதந்திரத்துக்குப் பின் இலங்கையின் எண்ணெய் வணிகம் ஷெல், எசோ, கால்டெக்ஸ் ஆகிய அந்நிய நிறுவனங்களின் கையில் இருந்தது. எங்கிருந்து வாங்குவது, என்ன விலைக்கு விற்பது என்பதை அவையே தீர்மானித்தன. இந்தப் பிடியை உடைத்தவர் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க. அவர் 1916இல் இரத்தினபுரியில் பிறந்தவர். 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. சட்டத்தை முன்னின்று நடத்தியவர் வர்த்தக அமைச்சர் டி. பி. இலங்கரத்ன. கூட்டுத்தாபனம் சோவியத் ஒன்றியத்திலிருந்து மலிவான எண்ணெயைத் தருவித்தது. 1962இல் அந்நிய நிறுவனங்களின் எரிபொருள் நிலையங்கள் பல அரசுடைமையாயின.

நட்டஈடு தாமதமானதைக் காரணம் காட்டி, 1963 பெப்ரவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. இலங்கை பணியவில்லை. 1964 ஜனவரி முதலாம் திகதி எண்ணெய் விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்தின் தனியுரிமை ஆயிற்று. 1965இல் ஆட்சிக்கு வந்த டட்லி சேனநாயக்க நிறுவனங்களோடு நட்டஈட்டு உடன்பாடு செய்துகொண்டார். ஆனால் கூட்டுத்தாபனத்தைக் கலைக்கவில்லை. 1969இல் சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது.

நாட்டின் தன்மானத்தைக் காத்த இந்த நடவடிக்கையில் தோட்டத் தமிழருக்குக் குரல் இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. வாக்குரிமையும் அதனோடு போயிற்று. எண்ணெய் அரசின் கைக்கு முழுமையாக வந்த அதே 1964இன் ஒக்டோபரில், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது.

1973ஆம் ஆண்டு நெருக்கடி

1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் வழங்கலைக் குறைத்தன. ஏறத்தாழ 3 டொலராயிருந்த ஒரு பீப்பாய் 1974 ஜனவரியில் 11 டொலரைத் தாண்டியது. உலகச் சந்தையில் அரிசி, கோதுமை மா, சீனி விலைகளும் அதே காலத்தில் ஏறின. அப்போதைய நிதியமைச்சர் லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர் என். எம். பெரேரா. 1936இல் ருவான்வெல்லத் தொகுதியில் வென்றவர். பின்னர் எட்டியாந்தோட்டையின் நாடாளுமன்ற உறுப்பினர். இரண்டுமே கேகாலை மாவட்டத்தின் இறப்பர், தேயிலைத் தொகுதிகள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர்.

செலாவணியைக் காக்க அவருடைய நிதியமைச்சு இறக்குமதியை இறுக்கியது. பங்கீட்டு உணவும் குறைக்கப்பட்டது. காணியும் வயலும் உள்ள கிராமத்தவருக்கு ஈரப்பலாவும் மரவள்ளியும் துணைநின்றன. சொந்தமாக ஒரு பாத்திகூட இல்லாத லயத்து மக்கள் கோதுமை மாவையே நம்பியிருந்தார்கள். 1973–74இல் தோட்டங்களில் பட்டினியும் சாவும் பெருகின. பலர் வடக்கே வன்னிக்குப் போனார்கள், பலர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அவிசாவளையிலிருந்து இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்க வரை ஓடிய களனிவெளி ரயில் பாதையும் 1970களிலேயே மூடப்பட்டது. எண்ணெய் அரிதாகிய காலத்தில் இரத்தினபுரித் தோட்டங்கள் முற்றிலும் டீசல் வாகனங்களைச் சார்ந்தன.

1977க்குப் பின்

1977இல் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்தன அரசு மானியங்களை வெட்டி, 1979இல் உணவு முத்திரையும் மண்ணெண்ணெய் முத்திரையும் வழங்கியது. மாதம் 300 ரூபாவுக்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கே அவை உரியன. குடும்பத்தில் இருவர் மூவர் பெயர் பதிந்து வேலை செய்த தோட்டங்களில் பலருக்கு முத்திரை கிடைக்கவில்லை. மறுபுறம் எண்ணெயைச் சாராத நீர்மின் திட்டங்கள் வளர்ந்தன. பலாங்கொடைப் பகுதியில் 120 மெகாவாற் கொள்ளளவுடைய சமனலவெவ நிலையம் 1992இல் தொடங்கியது.

2022ஆம் ஆண்டு நெருக்கடி

செலாவணி தீர்ந்ததால் கோட்டாபய ராஜபக்ஷ அரசால் எண்ணெய்க் கப்பல்களுக்குப் பணம் கட்ட முடியவில்லை. ஏப்ரலில் பெற்றோல் லீற்றர் 254 ரூபாவிலிருந்து 338 ரூபாவாயிற்று. அதை எதிர்த்து ஏப்ரல் 19இல் கேகாலை மாவட்டத்து றம்புக்கணையில் மக்கள் ரயில் பாதையை மறித்தார்கள். பொலிஸார் சுட்டதில் ஒருவர் இறந்தார். ஜூன் இறுதியில் எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமென ஒதுக்கப்பட்டது. ஜூலையில் எரிசக்தி அமைச்சர் காஞ்சன விஜேசேகர கியூஆர் அட்டைப் பங்கீட்டை அறிவித்தார்.

அப்பங்கீடு வாகனப் பதிவை அடிப்படையாகக் கொண்டது. மண்ணெண்ணெய்க்குப் போத்தலோடு வரிசையில் நின்ற தோட்டத்துப் பெண்ணுக்கு அதில் இடமில்லை. ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியான பின், ஓகஸ்ட்டில், மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக உயர்த்தப்பட்டது. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா.

2022க்குப் பின்

கியூஆர் பங்கீடு 2023இல் நீக்கப்பட்டது. 2024 பொதுத்தேர்தலில் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து தெரிவான சுந்தரலிங்கம் பிரதீப், பெருந்தோட்ட, சமூக உட்கட்டமைப்புப் பிரதி அமைச்சரானார்.