மூக்கு தேர்ந்தெடுத்த விதை

கஞ்சாவில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. புகைப்பவர் தேடும் பிசின் பெண்செடியின் பூக்கதிரில்தான் கெட்டியாகச் சுரக்கிறது. அருகில் ஓர் ஆண்செடி நின்று மகரந்தத்தைக் காற்றில் விட்டுவிட்டால், பெண்செடி பிசினைக் குறைத்துக்கொண்டு விதை கட்டத் தொடங்கிவிடும். அதனால் சரக்கு வேண்டுபவர்கள் ஆணைக் கண்டதும் பிடுங்கி எறிவார்கள். விதையில்லாப் பூ என்று அமெரிக்கர்கள் 1970களில் பெருமையாகப் பேசிய இந்த வித்தை உண்மையில் பழையது. கஞ்சாவையும் பங்கியையும் சரஸையும் ஆராய பிரிட்டிஷ் இந்திய அரசு 1893இல் ஓர் ஆணையம் அமைத்தது. வங்காளத்தின் நௌகாவ் வயல்களில் பூ விரியும் முன்பே ஆணை இனங்கண்டு பிடுங்குவதற்கென்று தனியாக ஒரு நிபுணர் இருந்தார் என்று அதன் அறிக்கை சொல்கிறது. அவரைப் பொத்தார் என்றார்கள். வெள்ளைக்காரர்களுக்கு அவர் ‘கஞ்சா டாக்டர்’.

ரகம் கட்ட நினைப்பவருக்கோ ஆண் இல்லாமல் முடியாது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. பெண்ணின் தரத்தைப் பறித்து, உலர்த்தி, புகைத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆணிடம் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. நல்ல கறவை வேண்டி மாடு வளர்ப்பவர் காளையை அதன் கன்றுகளின் மடியைப் பார்த்து மதிப்பிடுவது போல, ஆண்செடியையும் அதன் மகள்களை வளர்த்துப் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும். அதற்கு ஒரு பருவம் போகும். மகள்களில் நூற்றுக்குத் தொண்ணூறு தேறாது. பொறுமையும், ஏராளமான செடிகளும், தேறாதவற்றை இரக்கமில்லாமல் கழிக்கும் மனமும் இருந்தால்தான் ஒரு ரகம் நிலைக்கும்.

1970களில் கலிபோர்னியாவில் ‘சேக்ரட் சீட்ஸ்’ என்ற பெயரில் இயங்கிய சிறு குழுவுக்கு அந்த மூன்றும் வாய்த்திருந்தன. அவர்கள் கட்டிய ரகத்தின் பெயர் ஸ்கங்க் நம்பர் ஒன். நாற்றம் பீய்ச்சும் அமெரிக்க விலங்கின் பெயரை அதற்கு வைத்தார்கள். செடியை மோந்து பார்த்த எவரும் அந்தப் பெயருக்குக் காரணம் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதன் பாட்டன் பாட்டிகள் மூன்று நாட்டினர். கொலம்பியாவின் தங்கநிறச் சரக்கு, மெக்சிகோவின் அகாபுல்கோ கோல்ட், ஆப்கானிஸ்தானத்துக் குட்டைச் செடி. முதல் இரண்டும் வெப்பநாட்டுச் செடிகள். ஒல்லியான இலை, ஆளை விஞ்சும் உயரம், துள்ளலான போதை. ஆனால் நில நடுக்கோட்டுக்குப் பக்கத்துச் செடி பகல் நன்றாகக் குறுகும்வரை பூக்க மனம் வைக்காது. வட கலிபோர்னியாவில் அது பூத்து முடிப்பதற்குள் இலையுதிர்கால மழை வந்து கதிரை அழுகச் செய்துவிடும். ஆப்கான் செடி இந்துகுஷ் மலைக் குளிருக்குப் பழகியது. அகன்ற இலை, தடித்த கதிர், சீக்கிரம் முதிரும் குணம். ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான் வழியாகக் காபூலுக்குப் பேருந்திலும் பழைய வேன்களிலும் போன ஹிப்பிகளின் பைகளில்தான் இந்த விதைகள் மேற்கே போயின. 1979இல் ஈரானில் புரட்சி. அதே ஆண்டு இறுதியில் ஆப்கானிஸ்தானத்துக்குள் சோவியத் படை. அந்தச் சாலை மூடிக்கொண்டது. சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் இந்த விதைகள் வெளியே வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

மூன்றையும் கலப்பது எளிது, காற்றே செய்துவிடும். கலந்த பிறகு வருவதுதான் தலைவலி. இரண்டாம் தலைமுறையில் ஒரு செடி பாட்டன் போல நெட்டையாக நிற்கும், அடுத்தது பாட்டி போலக் குட்டையாக, மூன்றாவது இரண்டுங்கெட்டானாக. தலைமுறை தலைமுறையாக நூற்றுக்கணக்கான செடிகளை வளர்த்து, கலவன்களைக் களைந்து, எஞ்சியவற்றை ஒன்றோடொன்று சேர்த்தார்கள். அப்படித்தான் ஒரு கைப்பிடி விதை விதைத்தால் ஏறத்தாழ ஒரே மாதிரிச் செடி வரும் நிலை கிடைத்தது. கஞ்சா உலகில் அன்று அது அதிசயம். பின்னால் வந்த நூற்றுக்கணக்கான ரகங்களின் வம்சத்தில் ஸ்கங்க் எங்கோ ஓரிடத்தில் தலைகாட்டுவதற்குக் காரணம் அதன் போதை மட்டுமல்ல, நம்பி விதைக்கலாம் என்ற இந்தக் குணமும்தான்.

அவர்களிடம் இருந்த கருவிகள் கண், மூக்கு, தொண்டை, தலை. பிசின் மினுக்குகிறதா, மணம் ஏறுகிறதா, போதை பலமா என்பவைதான் கேள்விகள். இந்தச் சோதனைகளில் எதற்கும் பிடிபடாத ஒரு பொருள் ஆப்கான் செடியில் இருந்தது: சி.பி.டி. பிசினைத் திரட்டி ஹஷீஷ் தயாரிக்கும் நாடுகளின் பழைய நாட்டு ரகங்களில் போதை தரும் டி.எச்.சி.யும் போதை தராத சி.பி.டி.யும் அருகருகே இருந்தன. சி.பி.டி. மிகுந்த செடி புகைப்பவருக்கு மந்தமாகத் தெரியும், ஆகவே கழித்துவிடுவார். யாரும் திட்டமிட்டு அதை ஒழிக்கவில்லை. பலமான செடியை மட்டும் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்ததில், சில தலைமுறைகளிலேயே அது கிட்டத்தட்டக் காணாமல் போயிற்று.

ஊர்ச் சூழலும் விதைக்குச் சாதகமாக இருந்தது. 1970களின் நடுவில் அமெரிக்க உதவியுடன் மெக்சிகோ அரசு கஞ்சா வயல்களில் பாராகுவாட் களைக்கொல்லியை வானிலிருந்து தெளித்தது. விஷம் கலந்த சரக்கு என்ற பீதி அமெரிக்காவில் பரவ, சொந்த ஊரில் விளைந்ததற்கு மவுசு கூடியது. 1983இல் கலிபோர்னியா அரசு ஹெலிகாப்டர்களோடு மலைத் தோட்டங்களை அழிக்க இறங்கியபோது, தோட்டக்காரர்கள் வீட்டுக்குள் விளக்குகளுக்குக் கீழே ஒதுங்கினார்கள். அங்கே குட்டையான, சீக்கிரம் முதிர்கிற செடிதான் சரிப்படும்.

அதற்குள் விதை கடல் தாண்டிவிட்டது. ‘சாம் தி ஸ்கங்க்மேன்’ என்று பெயரெடுத்த டேவிட் வாட்சன் 1980களின் தொடக்கத்தில் அதை நெதர்லாந்துக்குக் கொண்டு போனார். அதற்கு வழிவிட்டது உலக நாடுகள் கூடி எழுதிய சட்டமே. 1961இன் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கை பூத்த, காய்த்த நுனிகளைத்தான் கஞ்சா என்கிறது. நுனியோடு சேராத விதையையும் இலையையும் விலக்கிவிடுகிறது. நம் நாட்டின் 1985ஆம் ஆண்டுச் சட்டமும் ஏறத்தாழ அதே சொற்களைத்தான் பயன்படுத்துகிறது. செடியை வளர்த்தால் சிறை, விதை மட்டும் சரக்கல்ல! டச்சுக்காரர்கள் இந்த இடைவெளியில் கடையே திறந்தார்கள். நெவில் ஷோன்மேக்கர்ஸ் என்ற ஆஸ்திரேலியர் ‘தி சீட் பேங்க்’ என்ற பெயரில் அமெரிக்கப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து விதையை அஞ்சலில் அனுப்பினார். அவர் விற்றவற்றில் ஸ்கங்க்கும் ஒன்று. அமெரிக்கக் காவல்துறை 1989 அக்டோபரில் நாடு முழுதும் விதை, விளக்கு, உரக் கடைகளைச் சோதனையிட்டது. மறு ஆண்டு நெவில் ஆஸ்திரேலியாவில் கைதானார். விதைகளோ அதற்குள் பலர் கைக்குப் போய்விட்டன.

பிரிட்டனில் ஸ்கங்க் என்ற பெயர் எந்தப் பலமான கஞ்சாவுக்கும் பொதுப்பெயராயிற்று. பத்திரிகைகள் அதை ஒரு பூதமாக்கின. பூதத்துக்கு ஓரளவு ஆதாரமும் இருந்தது. 2004-05இல் இங்கிலாந்துக் காவல்துறை கைப்பற்றிய சரக்கைச் சோதித்தபோது, விதையில்லாப் பூவில் டி.எச்.சி. சுமார் 14 சதவீதம், சி.பி.டி. பெயருக்குக்கூட இல்லை. பழைய பாணி ஹஷீஷில் இரண்டும் ஏறத்தாழச் சமம். தென் லண்டனில் முதன்முறையாக மனச்சிதைவு போன்ற நோய்க்கு ஆளானவர்களை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, பலமான கஞ்சாவை நாள்தோறும் புகைப்பவர்களுக்கு அபாயம் சுமார் ஐந்து மடங்கு என்றது. இதில் கஞ்சா எவ்வளவு காரணம், மற்றவை எவ்வளவு என்ற வாதம் ஓயவில்லை. ஆனால் ஆப்கான் பாட்டியிடம் இருந்த ஒன்று பேத்தியிடம் இல்லை என்பதில் வாதமில்லை.

அதே வாட்சன், தாவரவியலாளர் ராபர்ட் கிளார்க்குடன் சேர்ந்து ஆம்ஸ்டர்டாமில் ஹோர்ட்டாஃபார்ம் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, அரசு அனுமதியோடு கஞ்சா ஆராய்ச்சியில் இறங்கினார். இந்த ரகத்தின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இது. ஒளிந்து வளர்த்தவரின் கையில் இப்போது உரிமப் பத்திரம். தொண்டை செய்த வேலையைச் செய்ய ஆய்வுக்கூடக் கருவி. அங்கே வேலை பார்த்த டச்சுப் பயிர்ப்பெருக்க அறிஞர் எத்தியென் டி மெய்யர், டி.எச்.சி. மட்டும் உள்ள செடியையும் சி.பி.டி. மட்டும் உள்ள செடியையும் கலந்து பார்த்தார். முதல் தலைமுறை முழுதும் இரண்டும் கலந்தது. அடுத்த தலைமுறையில் ஒரு பங்கு டி.எச்.சி., இரண்டு பங்கு கலப்பு, ஒரு பங்கு சி.பி.டி. பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட அதே கணக்கு. 2003இல் இத்தாலியச் சகாக்களோடு இதை அவர் வெளியிட்டார். இரண்டு பொருளும் ஒரே மூலப்பொருளிலிருந்து உருவாகின்றன. எந்த நொதி கிடைக்கிறதோ அந்தப் பக்கம் செடி சாய்கிறது. கலிபோர்னியாவில் சி.பி.டி. ஏன் அவ்வளவு சீக்கிரம் தொலைந்தது என்பதற்கு இதுவே விடை. மரபின் ஓரிடத்தில் ஆடுகிற சீட்டு என்பதால், பலமானதை மட்டும் தேர்ந்தெடுப்பவரிடம் மற்றது சீக்கிரம் தோற்றுவிடும்.

ஹோர்ட்டாஃபார்மின் விதைச் செல்வத்தை, 1998இல் பிரிட்டனில் தொடங்கிய ஜி.டபிள்யூ. பார்மசூட்டிகல்ஸ் உரிமம் பெற்றுப் பயன்படுத்தியது. டி.எச்.சி. மிகுந்த ரகம் ஒன்று, சி.பி.டி. மிகுந்த ரகம் ஒன்று என்று கண்ணாடிக் கூடங்களில் தனித்தனியே வளர்த்து, இரண்டின் சாற்றையும் ஏறத்தாழச் சரிபாதியாகக் கலந்து வாயில் தெளிக்கும் மருந்தாக்கினார்கள். ‘சாட்டிவெக்ஸ்’ 2005இல் கனடாவிலும், 2010இல் தண்டுவட மரப்பு நோயாளிகளின் தசை இறுக்கத்துக்காகப் பிரிட்டனிலும் அனுமதி பெற்றது. 2018 ஜூனில் சி.பி.டி. மட்டுமே உள்ள ‘எபிடியோலெக்ஸ்’, குழந்தைகளைத் தாக்கும் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்காக அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. மந்தமான செடி என்று ஒரு காலத்தில் கழித்ததைக் கொண்டே வளர்ந்த அந்த நிறுவனத்தை 2021இல் ஜாஸ் பார்மசூட்டிகல்ஸ் சுமார் 720 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. மருந்துச் செடியை அங்கே விதையிலிருந்து வளர்ப்பதில்லை. தாய்ச்செடியிலிருந்து குச்சி ஒடித்து நடுகிறார்கள். விதை போட்டால் மறுபடியும் சீட்டாட்டம் தொடங்கிவிடும்.

வேறு திசையிலும் விதையின் பயணம் தொடர்ந்தது. ஐரோப்பிய விதைக்கடைகளில் உருவான கலப்பு ரகங்கள் 2000களில் மொராக்கோவின் ரீஃப் மலைகளுக்குள் நுழைந்தன. அவற்றில் முதலில் பரவிய ஒன்றை விவசாயிகள் கர்தாலா என்றார்கள். அதற்கு முன் அங்கே விளைந்தது பெல்தியா என்ற நாட்டு ரகம். கர்தாலா ஏக்கருக்குப் பல மடங்கு பிசின் தந்தது. அந்த ஊர் ஹஷீஷின் டி.எச்.சி. ஏறியது. பெல்தியா வானம் பார்த்த பயிர். மழையை நம்பி விதைத்து, கோடை நடுவிலேயே அறுத்துவிடலாம். கர்தாலா கோடை முழுதும் நின்று தண்ணீர் குடிக்கும். ஊற்றுகளுக்குக் குழாய் போட்டு, மலைச்சரிவுகளில் கிணறு தோண்டி விவசாயிகள் அதற்கு நீர் பாய்ச்சினார்கள்.