மறைப்புச் சோதனை

மறைப்புச் சோதனை: எது மருந்து, எது வெறும் மாவு என்பதைச் சோதனைக்கு உட்படுபவர் அறியாதபடி மறைத்து நடத்தும் ஆய்வுமுறை. சோதிப்பவருக்கும் மறைத்தால் அது இரட்டை மறைப்பு. மருத்துவர் பேச்சில் ‘டபுள் பிளைண்ட்’. பித்தலாட்டக்காரரைப் பிடிக்க வந்த முறை என்று இதை நினைப்பவர் உண்டு. ஆனால் இதன் வரலாற்றில் அகப்பட்டவர் பலரும் நேர்மையானவர்கள், எதிர்பார்த்ததையே கண்டவர்கள்.

பெயர்பெற்ற முதல் சோதனை 1784இல் பிரான்சில் நடந்தது. வியன்னாவிலிருந்து பாரிசுக்கு வந்த மருத்துவர் மெஸ்மர், உயிர்களுக்குள் ஓடும் ஒருவகைக் காந்தத்தால் நோய் தீர்ப்பதாகச் சொல்லி ஊரையே மயக்கியிருந்தார். பதினாறாம் லூயி மன்னர் அமைத்த விசாரணைக் குழுவில் பெஞ்சமின் ஃபிராங்ளின், வேதியியலர் லவாய்சியே, மருத்துவர் கியோத்தன் ஆகியோர் இருந்தனர். (பத்தாண்டு கழித்து லவாய்சியேயின் தலையை வாங்கிய கில்லட்டினுக்குக் கியோத்தனின் பெயர்தான்.) ஃபிராங்ளின் உடல்நலம் குன்றியிருந்ததால் பாசி என்ற ஊரில் இருந்த அவர் வீட்டுத் தோட்டத்துக்கே சோதனை வந்தது. மெஸ்மரின் சீடர் தெஸ்லோன் ஓர் ஆப்ரிகாட் மரத்துக்குக் காந்தம் ஏற்றினார். 12 வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி, மரம் மரமாக அணைக்கச் செய்தார்கள். முதல் மரத்திலேயே வியர்த்தது, இருமினான். நான்காவதில் மயங்கிச் சாய்ந்தான். காந்தம் ஏற்றிய மரமோ 24 அடி தள்ளி நின்றது. எல்லா மரத்திலும் இயல்பாகவே காந்தம் உண்டு என்று சமாளித்தார் தெஸ்லோன். அப்படியானால் காந்தம் உறைக்கும் உடம்புக்காரர் தோட்டத்துக்குள் கால்வைக்கவே முடியாதே என்றது குழு. சிறுவனை அது பொய்யன் என்று சொல்லவில்லை. கற்பனையின் வேலை என்றது.

சோதிப்பவரின் கண்ணையும் கட்ட வேண்டும் என்று காட்டியது ஒரு குதிரை. பெர்லினில் ஃபான் ஆஸ்டன் வளர்த்த ஹான்ஸ், கணக்குக்கு விடையாகக் குளம்பைத் தட்டும். வித்தை ஏதும் இல்லை என்று 1904இல் அறிஞர் குழுவே சான்று தந்தது. பிறகு உளவியல் ஆய்வாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட், கேட்பவருக்கே விடை தெரியாத கேள்விகளைக் கேட்க வைத்தார், ஹான்ஸ் தடுமாறியது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை இம்மியளவு அசைவதைப் பார்த்தே அது தட்டுவதை நிறுத்திவந்தது. ஃபான் ஆஸ்டனுக்கே தம் தலையசைவு தெரியாது.

மருத்துவத்தில் திருப்பம் 1948இல் வெளியான பிரிட்டனின் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு. யாருக்கு மருந்து என்பதைப் புள்ளியியலர் பிராட்ஃபோர்ட் ஹில் குலுக்கல் முறையில் முடிவுசெய்து, உறையிலிட்டு ஒட்டினார். ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 காசநோயாளிகளில் 4 பேர் இறந்தனர். பெறாத 52 பேரில் 14 பேர். மருந்தில்லாதவர்களுக்கு மாதக்கணக்கில் போலி ஊசி குத்துவது நியாயமில்லை என்பதால் அங்கே நோயாளிக்கு மறைக்கவில்லை. எக்ஸ்ரே படத்தைப் படித்தவர்களுக்குத்தான் அது மருந்து பெற்றவரின் படமா பெறாதவரின் படமா என்று தெரியாது.

எல்லாவற்றையும் மறைக்கவும் இயலாது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டுச் சிகிச்சையையும் சானடோரியச் சிகிச்சையையும் ஒப்பிட்டது. தான் படுத்திருப்பது வீடா சானடோரியமா என்று நோயாளிக்குத் தெரியாமலிருக்குமா? குலுக்கலைக் கைக்கொண்ட அந்த ஆய்வின் முடிவு 1959இல் வந்தது: வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள்.