அழுதுகொண்டே சிரித்தவர்களின் நூல்கள்



நம் பக்கத்துத் துக்க வீடுகளில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். சமயநல்லூரானாலும் வைகைக்கு அக்கரைச் சிற்றூரானாலும், செபமாலையும் ஒப்பாரியும் ஓய்ந்த பின்னிரவில், திண்ணையில் இருக்கும் பெரியவர் ஒருவர் இறந்தவரின் பழைய குறும்பு ஒன்றை எடுத்துச் சொல்வார். அழுது வீங்கிய முகத்தோடு வீட்டாரும் சிரிப்பார்கள். அதை யாரும் மரியாதைக் குறைவாக எண்ணுவதில்லை. அப்படிப்பட்ட நாம், நம் வாழ்வில் விழுந்த இடியைப் பற்றி நாலு பேர் முன் பேச வேண்டும் என்றால் மட்டும் “எல்லாம் இறைவன் சித்தம்” என்று முடித்துவிடுகிறோம். குடியால் சிதைந்த குடும்பம், பிரிந்துபோன மணவாழ்வு, பாதியில் விட்ட துறவறம் ஆகியவை பங்கில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாரும் பேசமாட்டோம். அவற்றை மறைக்காமலும் சிரிப்பை இழக்காமலும் எழுதியவர்கள் திருச்சபையில் உண்டு. அவர்களுள் ஒருவர் நம் மண்ணைச் சேர்ந்தவர். அவருடைய நூலைப் பற்றியே இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

இந்த வழக்கம் விவிலியத்திலேயே இருக்கிறது. முதிர்ந்த வயதில் மகன் பிறப்பான் என்று கேட்டதும் கூடாரத்துக்குள் நின்ற சாரா தனக்குள் சிரித்தார். கேட்டபோது பயந்துபோய் மறுத்தார் (தொடக்கநூல் 18). பிறந்த பிள்ளைக்கு இட்ட ‘ஈசாக்கு’ என்ற பெயரே சிரிப்பைக் குறிப்பதுதான். யோபும் எரேமியாவும் தாங்கள் பிறந்த நாளையே சபித்தார்கள். அந்தச் சொற்களைத் திருநூலிலிருந்து யாரும் நீக்கவில்லை.

புனித அகுஸ்தினார் ஏறத்தாழ கி.பி. 400-இல் எழுதிய தன்வரலாற்றின் பெயரில் வரும் இலத்தீன் சொல்லுக்குப் பாவத்தை ஏற்றுச் சொல்வது, இறைவனைப் புகழ்வது என இரண்டு பொருளும் உண்டு. பதினாறு வயதில் நண்பர்களோடு சேர்ந்து அண்டைத் தோட்டத்துப் பேரிக்காய்களைத் திருடியதை அதில் சொல்கிறார். பசியால் அல்ல, பெரும்பாலானவற்றைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். ஓர் ஆயர் தம் இளமைத் திருட்டைத் தாமே எழுதிவைத்திருக்கிறார்! குழந்தை இயேசுவின் புனித தெரேசாவோ, தியான நேரத்தில் விடாமல் சத்தம் எழுப்பி எரிச்சலூட்டிய சகோதரியைப் பற்றியும், துணி துவைக்கும்போது தம் முகத்தில் தெறித்த அழுக்கு நீரைப் பற்றியும் மெல்லிய நகையோடு எழுதினார். 1897-இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு நூல் வெளிவந்தபோது அவருடைய அக்காவே பல இடங்களைத் திருத்தி மெருகேற்றியிருந்தார். அவர் எழுதியது எழுதியபடியே வெளிவர 1956 வரை ஆயிற்று. புனிதர்கள் மனம்விட்டுப் பேசினாலும் நமக்குக் கூச்சமாக இருக்கிறது!

இனி ‘கருக்கு’. இதன் ஆசிரியர் பாமா 1958-இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில், தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஆய்வாளர் ராஜ் கௌதமன் இவருடைய அண்ணன். ஆசிரியையாகப் பணியாற்றி, ஏழைப் பிள்ளைகளுக்கு உதவலாம் என்ற ஆசையில் துறவற சபையில் சேர்ந்து, ஏழு ஆண்டுகளில் வெளியேறினார். கையில் வேலை இல்லை. ஊரிலும் மடத்திலும் இடம் இல்லை. அந்த நிலையில் எழுதியதுதான் இந்த நூல். 1992-இல் மதுரையில், இயேசு சபையினரின் சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையம் இதை வெளியிட்டது. கருக்கு என்பது பனைமட்டையின் இருபுறமும் உள்ள அறுக்கும் விளிம்பு. இருபுறமும் கூரான வாளாக இறைவார்த்தையைச் சொல்லும் எபிரேயர் திருமுகத்தை முன்னுரையிலேயே நினைவுகூர்கிறார்.

நூல் முழுக்கச் சிரிப்பு இருக்கிறது. தெருவில் ஆளுக்கொரு பட்டப்பெயர், சிறுபிள்ளை விளையாட்டு, கோவில் திருநாள், எல்லாம் பேச்சு வழக்கிலேயே வருகின்றன. ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். பள்ளி விட்டு வரும் சிறுமி, தன் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறாள். அந்தக் கோலத்தைக் கண்டு அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. பொட்டலத்தைத் தொட்டால் மேல்சாதிக்காரருக்குத் தீட்டாகிவிடும், அதனால்தான் அப்படி, என்று விளக்குகிறார். தீண்டாமை பற்றி எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன்; இந்த இரண்டு பக்கம் செய்ததை அவை செய்யவில்லை. சிறுமியின் சிரிப்போடு நாமும் சிரித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்கு வருகிறோம்.

இன்னோரிடத்தில், கல்லறை நிலத் தகராறில் போலீசுக்குப் பயந்து ஆண்கள் ஒளிந்திருக்கும் நாளில், இறந்துபோன தன் மகனைப் பார்க்க ஒரு தகப்பன் சேலை உடுத்திப் பெண்போல வந்து சேர்கிறார். சிரிப்பதா, அழுவதா?

அருட்பணியாளர்கள் படிக்க வேண்டிய பக்கம் ஒன்றும் உண்டு. பள்ளி விளையாட்டில் மரத்தைத் தொட்டபோது ஒரு தேங்காய் விழுந்துவிடுகிறது. மறுநாள் எல்லார் முன்னிலையிலும் தலைமையாசிரியர் அந்தப் பிள்ளையைச் சாதி சொல்லித் திருடியாக்கி, வெளியே அனுப்புகிறார். உதவி கேட்டுப் போனால், பங்குச்சாமியும் சேரிப் பிள்ளைதானே, செய்திருப்பாய் என்கிறார். கெஞ்சிய பிறகுதான் கடிதம் கிடைக்கிறது. அகுஸ்தினார் பேரிக்காயை உண்மையாகவே திருடினார்; அதை அவரே சொன்னார். இந்தச் சிறுமி திருடவே இல்லை. குற்றம் சாட்டியவர்கள் மற்றவர்கள். ஒப்புரவு அருட்சாதனத் தொட்டியில் உட்காரும் எவரும் இந்த இரண்டு கதைகளையும் அடுத்தடுத்து வாசிக்கலாம்.

துறவற வாழ்வைப் பற்றி நூலில் வரும் எல்லாவற்றிலும் எனக்கு உடன்பாடு இல்லை. எளிய மக்களோடு எளிமையாய் வாழ்ந்து மறைந்த சகோதரிகளை நான் அறிவேன். அவர்கள் இந்தப் பக்கங்களில் இல்லை. ஆனால் காயம்பட்டவர் தம் காயத்தைச் சொல்லும்போது, காயப்படுத்தாதவர்களின் பட்டியலையும் சேர்த்துக் கேட்பது நியாயமாகாது. சாதி பார்ப்பது கிறிஸ்தவ வாழ்வுக்கு எதிர்ச்சாட்சி என்பதைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2003 நவம்பரில், தம்மைச் சந்திக்கச் சென்ற மதுரை உள்ளிட்ட மறைமாநிலங்களின் ஆயர்களிடமே எடுத்துரைத்தார். இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட்டது 2016-இல். ‘கருக்கு’ வந்து அப்போது 24 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மனம்விட்டுப் பேசுவதற்கு விலையும் உண்டு. நூல் வந்ததும், ஊரைக் கேவலப்படுத்திவிட்டதாகச் சொந்த மக்களே கோபித்தார்கள். ஏழு மாதம் ஊருக்குள் போக முடியவில்லை என்று பாமாவே சொல்லியிருக்கிறார். அதே நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000-ஆம் ஆண்டு கிராஸ்வேர்டு விருது பெற்றது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இத்தகைய நூல்களில் சிரிக்கும் உரிமை அடிபட்டவருக்கே உரியது. அதே பட்டப்பெயரை அடுத்த தெருக்காரர் சொன்னால் அது வசையாகிவிடும். துக்க வீட்டில் குறும்புக் கதையை நெருங்கிய உறவினரோ கூடவே வாழ்ந்த பெரியவரோ தொடங்குவார். தெரியாதவர் தொடங்குவதில்லை அல்லவா? நேற்று அடக்கம் முடிந்த வீட்டுக்கு இந்த நூலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சில மாதம் போகட்டும்.

வாசிக்க விரும்புவோருக்கு: நூல் சிறியதுதான், ஆனால் ஏட்டுத் தமிழில் இராது. முதலில் தடுக்கும். மதுரை, விருதுநகர்ப் பக்கம் வளர்ந்தவர்கள் வாய்விட்டு வாசித்தால், நாலாவது பக்கத்தில் நம் வீட்டுப் பாட்டி பேசுவதுபோல் இருக்கும். கனமாகத் தோன்றினால் 1996-இல் வந்த ‘கிசும்புக்காரன்’ சிறுகதைகளிலிருந்து தொடங்கலாம். பெயருக்கேற்ற குறும்பு அதில் உண்டு. பெண்களின் பேச்சையும் பாட்டையும் கேட்க வேண்டுமானால் ‘சங்கதி’ (1994). பங்கு நூலகப் பொறுப்பாளர்கள் இவற்றைப் புனிதர் வரலாறுகள் இருக்கும் அலமாரியிலேயே வைக்கலாம். அகுஸ்தினாருக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.