மென்பொருளைச் சோதித்த வரலாறு

சந்தையில் மண்குடம் வாங்குவோர் அதனை விரலால் தட்டிப் பார்க்கின்றனர். ஓசை தெளிவாக இருந்தால், குடத்தில் கீறல் இல்லை என்று கொண்டு விலை பேசுகின்றனர். ஆயின், வீட்டுக்கு வேண்டியது குடமா, சட்டியா என்பதை அவ்வோசை சொல்லாது. பொருள் பழுதின்றி அமைந்துள்ளதா என்பது ஒரு கேள்வி. அது நமக்கு வேண்டிய பொருள்தானா என்பது மற்றொரு கேள்வி. கணிப்பொறிக்கு எழுதப்படும் மென்பொருளைச் சோதிக்கும் கலையின் வரலாறு, இவ்விரு கேள்விகளுக்கும் இடையே உள்ள உறவின் வரலாறேயாகும். அதனைச் சுருக்கமாகக் காண்பது இப்பேச்சின் நோக்கம்.

கணிப்பொறிகள் தோன்றிய காலத்தில், நிரல் எழுதியவரே அதனைச் சோதித்தும் பார்த்தார். 1949-ஆம் ஆண்டு மே மாதத்தில், கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் எட்சாக் என்னும் கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. அதனை அமைத்தவர் மாரிஸ் வில்க்ஸ். தம் எஞ்சிய வாழ்நாளில் பெரும் பகுதி தம்முடைய நிரல்களில் பிழை தேடுவதிலேயே கழியப் போகிறது என்னும் உண்மை அந்நாளில் தமக்குப் புலப்பட்டதாக அவர் பின்னர் எழுதினார். அவ்வாண்டு ஜூன் மாதம் அதே கேம்பிரிட்ஜில் கூடிய மாநாட்டில், நீண்டதொரு நிரல் சரியானதா என்று எங்ஙனம் அறிவது என்பது பற்றி ஆலன் டூரிங் ஒரு கட்டுரை படித்தார். நிரலின் இன்ன இடத்தில் இன்னது உண்மையாக இருக்க வேண்டும் என்று எழுதுவோர் திட்டமாகக் குறித்து வைத்தால், பிறர் அக்கூற்றுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க இயலும் என்பது அவர் கருத்து. எதை எதிர்பார்க்கிறோம் என்று முன்னரே சொல்லாவிட்டால் சோதனைக்குப் பொருள் இல்லை என்னும் உண்மை அதில் அடங்கியிருந்தது.

1957-ஆம் ஆண்டில் இக்கருத்து மேலும் தெளிவு பெற்றது. அவ்வாண்டு டானியல் மெக்ராக்கன் நிரல் எழுதும் கலை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நிரல் எழுதத் தொடங்கும் முன்பே, கையால் போட்ட மாதிரிக் கணக்கு ஒன்றை விடையுடன் ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும் என்று அந்நூல் அறிவுறுத்தியது. அக்கணக்கை, நிரலைக் கேட்டுப் பெறுபவரே போட்டுத் தருவது மிகவும் நன்று என்றும் அது கூறியது. கேட்பவர் மனத்தில் ஒன்றும் எழுதுபவர் மனத்தில் வேறொன்றும் இருக்குமானால், அவ்வேறுபாடு அக்கணக்கிலேயே வெளிப்பட்டுவிடும் அன்றோ? அந்நூலுக்கு மதிப்புரை எழுதிய சார்லஸ் பேக்கர், நிரல் ஓடுகிறதா என்று பார்த்துத் திருத்துவது ஒரு வேலை, எடுத்துக்கொண்ட சிக்கலை அது தீர்க்கிறதா என்று பார்ப்பது வேறு வேலை என்று பிரித்துக் காட்டினார்.

நல்ல அறிவுரைதான். எனினும், மென்பொருள் பெரிதாகப் பெரிதாக, கேட்பவருக்கும் எழுதுபவருக்கும் இடையே தூரம் வளர்ந்தது. ஒரு சாரார் தேவைகளைத் தொகுத்து எழுதினர். மற்றொரு சாரார் நிரல் எழுதினர். வேறொரு சாரார் இறுதியில் சோதித்தனர். 1968-ஆம் ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் அறிஞர்கள் கூடி, பெரிய மென்பொருள்கள் காலத்தில் முடியாமலும் நம்பத் தகாதனவாயும் இருப்பதைப் பற்றி ஆராய்ந்தனர். மறு ஆண்டு ரோம் நகரில் கூடிய மாநாட்டில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, சோதனையால் பிழை உண்டு என்று காட்டலாமேயன்றிப் பிழையே இல்லை என்று காட்ட இயலாது என வற்புறுத்தினார். 1970-இல் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையில், தேவை, வடிவமைப்பு, நிரல், சோதனை என வேலைகள் படிப்படியாக இறங்கும் படம் ஒன்று இடம்பெற்றது. பின்னர் அருவி முறை என்று பெயர் பெற்றது இதுவே. சோதனையை இறுதிப் படியில் வைப்பது ஆபத்தானது என்று அக்கட்டுரையிலேயே ராய்ஸ் எச்சரித்திருந்தார். பலர் படத்தை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டனர்.

இனி, சோதிக்கும் முறைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். நிரலின் உள்ளே புகுந்து, அதன் ஒவ்வொரு கிளை வழியும் சரியாகச் செல்கிறதா என்று பார்ப்பது ஒரு முறை. இதனை வெள்ளைப் பெட்டி முறை என்பர். உள்ளே என்ன இருக்கிறது என்று பாராமல், இதைக் கொடுத்தால் இது வர வேண்டும் என்னும் தேவைக் குறிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சோதிப்பது மற்றொன்று. இது கறுப்புப் பெட்டி முறை. எழுதியதில் உள்ள தவற்றைக் காண முன்னது வல்லது. எழுத மறந்ததை அதனால் காண இயலாது. இல்லாத கிளையில் எவரும் நடந்து பார்க்க முடியாதன்றோ? பின்னது அக்குறையைக் காணும். ஆயின், தேவைக் குறிப்பே குறையுடையதாயின் அதுவும் ஏமாறும்.

1979-இல் கிளென்போர்டு மையர்ஸ் வெளியிட்ட நூலில் வரும் ஒரு சிறு கணக்கு இதனை நன்கு விளக்கும். மூன்று முழு எண்களைக் கொடுத்தால், அவற்றைப் பக்கங்களாகக் கொண்ட முக்கோணம் சமபக்கமா, இருசமபக்கமா, அசமபக்கமா என்று நிரல் சொல்ல வேண்டும். கேட்பதற்கு எளிது. சோதிக்க உட்கார்ந்தவுடன் ஐயங்கள் எழுகின்றன. ஒரு பக்கம் பூச்சியமானால்? எண் குறை எண்ணானால்? 1, 2, 3 என்று கொடுத்தால் முக்கோணமே அமையாதே, அப்போது நிரல் என்ன சொல்ல வேண்டும்? இவை நிரலை நோக்கிய கேள்விகளாகத் தோன்றினும், உண்மையில் தேவையைச் சொன்னவரை நோக்கிய கேள்விகளே. அவற்றை நிரல் எழுதிய பின் கேட்டால் திருத்தம். எழுதும் முன் கேட்டால் தெளிவு.

இவ்விரண்டுக்கும் உள்ள செலவு வேறுபாட்டை 1981-இல் பாரி போம் தம் நூலில் எடுத்துக் காட்டினார். அக்காலத்துப் பெரிய திட்டங்களில், தேவையில் நேர்ந்த ஒரு பிழையை மென்பொருள் பயனுக்கு வந்த பின் திருத்துவதற்கு, தொடக்கத்தில் திருத்துவதைப் போல் 100 மடங்கு வரை செலவாகும் என்றார். சிறு திட்டங்களில் வேறுபாடு குறைவு என்றும் அவர் குறிப்பிட்டார். பொருளைச் சரியாகச் செய்கிறோமா, சரியான பொருளைச் செய்கிறோமா என்று சோதனையை இரு கூறாக அவர் வகுத்ததும் இத்துறையில் நிலைபெற்றுவிட்டது.

பணத்தால் மட்டும் அளக்க முடியாத பாடம் ஒன்று 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் கிடைத்தது. தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூவிலிருந்து ஐரோப்பாவின் அரியான் 5 ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. சுமார் 40 விநாடிகளில் அது வானிலேயே சிதறியது. நான்கு அறிவியல் செயற்கைக் கோள்கள் அதனுடன் அழிந்தன. ராக்கெட்டின் நிலையையும் வேகத்தையும் கணித்துரைக்கும் கருவியின் மென்பொருள், முந்திய அரியான் 4 ராக்கெட்டிலிருந்து எடுத்தாளப்பட்டது. அங்கே அது பழுதின்றி உழைத்ததுதான். புதிய ராக்கெட்டின் கிடைவேகம் மிகுதி. ஆகவே கணிப்பில் எழுந்த ஓர் எண், தனக்கென ஒதுக்கிய இடத்தில் கொள்ளாமல் வழிந்தது. முதற்கருவியும் மாற்றுக்கருவியும் ஒரே மென்பொருளை உடையவை. இரண்டும் ஒரே காரணத்தால் நின்றன. அப்பிழை எழுந்த பகுதிக்கோ, அரியான் 5 புறப்பட்ட பின் வேலையே இல்லை.

ஆராய்ந்த குழு கண்டது யாது? புதிய ராக்கெட்டின் பறக்கும் பாதை பற்றிய விவரம், அக்கருவிக்குரிய தேவைக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை. அப்பாதையைக் கொண்டு அக்கருவி சோதிக்கப்படவும் இல்லை. தேவையில் எழுதப்படாதது சோதனையிலும் விடுபட்டது. குடம் கீறலற்றது, ஆனால் அது வேறொரு வீட்டுக்கு வனைந்த குடம்.

இத்தகைய பாடங்கள் பெருகிய காலத்தில், மெக்ராக்கனின் பழைய அறிவுரை புது வடிவில் திரும்பியது. அமெரிக்காவில் கென்ட் பெக் என்பவர், சோதனையை முதலில் எழுதி, நிரலைப் பின்னர் எழுதும் முறையை 1999-இல் வெளிவந்த தம் நூலில் பரப்பினார். வார்ட் கன்னிங்ஹாம் 2002-இல் அமைத்த கருவி, தொழில் அறிந்தோர் அட்டவணையாக எழுதும் எடுத்துக்காட்டுகளையே சோதனைகளாக ஓட்டியது. 2006-இல் டான் நார்த் எழுதிய கட்டுரை, தேவையை மூன்று பகுதியாகச் சொல்லும் வழக்கத்தை விளக்கியது: நிலைமை இது, நிகழ்வது இது, விளைவது இது. புகைவண்டியில் இடம் பதிவதை எடுத்துக்கொள்வோம். காத்திருப்போர் பட்டியலில் இருவர் உள்ளனர். இடம் பெற்ற ஒருவர் பயணத்தை விலக்குகிறார். பட்டியலில் முதல்வர் இடம் பெறுகிறார். இதனைப் பயணியும் படிப்பார், அலுவலரும் படிப்பார், கணிப்பொறியும் ஓட்டிப் பார்க்கும். அம்முதல்வர் ஒரே சீட்டில் நால்வராயின் என்ன செய்வது என்று ஓர் அலுவலர் கேட்பாராயின், நிரலின் முதல் வரி எழுதப்படும் முன்பே ஒரு தேவை கண்டுபிடிக்கப்பட்டது என்று பொருள்.

எனினும், எடுத்துக்காட்டுகளை எழுதி முடித்ததால் எல்லாம் முடிந்துவிடாது. நாம் நினைத்துப் பார்த்தவற்றையே எடுத்துக்காட்டாக எழுதுகிறோம். நினையாதவற்றைக் காண்பதற்கு, மென்பொருளைக் கையாண்டுகொண்டே அடுத்த சோதனையை வகுத்துச் செல்லும் தேடற்சோதனை வேண்டும். 1980-களில் இதற்குப் பெயரிட்டவர் செம் கேனர். முன்னெழுதிய சோதனை சொன்ன சொல்லைக் காக்கிறது. தேடற்சோதனை சொல்லாத சொல்லைக் கேட்கிறது. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

இன்று வங்கியும் மருத்துவமனையும் பங்கீட்டுக் கடையும் மென்பொருளைக் கொண்டு நடைபெறுகின்றன. அதில் பிழை நேர்ந்தால் வரிசையில் நிற்பவர் வெறுங்கையுடன் திரும்புகிறார். அவருக்கு என்ன வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேட்டு, அவர் விடையைச் சோதனையாக எழுதி வைப்பது, 1957-இலேயே எடுத்துரைக்கப்பட்ட எளிய வழி. அதற்கு வேண்டுவது புதிய கருவி அன்று. கேட்பவரையும் எழுதுபவரையும் சோதிப்பவரையும் முதல் நாளிலேயே ஒரே இடத்தில் அமர்த்தும் மனமே.